பிளாங்க் செயற்கைக்கோளின் தரவை வைத்து சிஎம்பி பவர் ஸ்பெக்ட்ரம் வரைவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக நம்மை வந்து அடைகிறது. அதைத்தான் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி, சுருக்கமாக சிஎம்பி என்கிறோம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாங்க் செயற்கைக்கோள் 2009 முதல் 2013 வரை இதை முழு வானத்துக்கும் அளந்தது. அந்த அளவீடுகள் அத்தனையும் பொதுவில் கிடக்கின்றன. பேராசிரியர் கையெழுத்தோ பல்கலைக்கழக மின்னஞ்சலோ தேவையில்லை, கட்டணமும் கிடையாது.

இருந்தும், ஆசையோடு இறங்கும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இயற்பியல் கடினம் என்பதால் அல்ல. அலகு, பிக்சல் வரிசை, மாஸ்க் (நம்ப முடியாத வானப் பகுதியை ஒதுக்கும் மறைப்பு), பீம் (தொலைநோக்கிப் பார்வையின் மங்கல்) என்ற சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆவணத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று பிசகினாலும் கணினி பிழை காட்டாது. தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும். நானும் இவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்துத்தான் கற்றேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இந்தக் கட்டுரையின் இலக்கு ஒன்றே. வான வரைபடத்தை இறக்கி, எந்தக் கோண அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் பவர் ஸ்பெக்ட்ரத்தை நீங்களே கணக்கிட்டு, எல் 220-ஐ (எல் என்பது கோண அளவைக் குறிக்கும் எண்) ஒட்டி எழும் முதல் உச்சியை உங்கள் திரையில் பார்க்க வேண்டும். கல்லூரி இயற்பியல் மாணவர், பள்ளி ஆசிரியர், வானியலில் ஈடுபாடுள்ள மென்பொருள்காரர் யாராலும் முடியும். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்திருந்தால் போதும்.

1. தொடங்கும் முன்: ஆவணம், செலவு, நேரம்

கணக்கு திறக்கும் வேலை இல்லை. பிளாங்க் லெகசி ஆர்க்கைவ் என்ற ஐரோப்பிய முகமையின் தரவுக் காப்பகத்தில் யாரும் நேரே இறக்கலாம். அமெரிக்காவில் கால்டெக் வளாகத்தில் இயங்கும் ஐர்சா காப்பகத்திலும் இதே கோப்புகள் உள்ளன. ஐர்சாவில் ஒவ்வொரு கோப்புக்கும் நேரடி இணைப்பு கிடைப்பதால் எனக்கு அதுதான் வசதி.

படிக்க வேண்டிய ஆவணங்கள் இரண்டு. முதலாவது, பிளாங்க் குழு வெளியிட்டிருக்கும் விளக்கத் துணைநூல். இணையத்தில் விக்கி வடிவில் இருக்கிறது. எந்தக் கோப்பில் எந்த நெடுவரிசை, என்ன அலகு என்பதெல்லாம் அதில்தான். முழுதும் படிக்க உட்காராதீர்கள். சிஎம்பி வரைபடங்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் படியுங்கள். இரண்டாவது, 2018 முடிவுகளின் ஆறாவது கட்டுரை. ஆர்க்சிவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் 1807.06209 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சுருக்கத்தையும் முதல் படத்தையும் அளவுருக்களின் அட்டவணையையும் பார்த்தால் இப்போதைக்குப் போதும்.

செலவு என்று வந்தால் இணைய டேட்டா மட்டுமே. முக்கியமான வரைபடக் கோப்பு சுமார் 2 ஜிபி. தினமும் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இதை இறக்கப் பார்த்தால் அன்றைய டேட்டா முடிந்து கோப்பு பாதியில் நிற்கும். அகல அலைவரிசை இல்லாதவர்களுக்கு நல்ல வழி, உலாவியிலேயே பைத்தான் ஓட்ட உதவும் கூகுள் கோலாப். அதன் இலவசக் கணக்கில் வேலை செய்தால் 2 ஜிபியும் கூகுளின் கணினியில்தான் இறங்கும், உங்கள் பேக்கில் கழியாது. ஆனால் அமர்வு முடிந்ததும் அங்கிருப்பதெல்லாம் அழிந்துவிடும். இறக்கிய கையோடு கூகுள் டிரைவுக்கு நகல் எடுங்கள். இலவச 15 ஜிபியில் தாராளமாக அடங்கும்.

சொந்த மடிக்கணினி என்றால் 8 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது. 4 ஜிபியில் முழுத் துல்லிய வரைபடம் திணறும்.

மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எட்டாம் படியின் கடைசியில் வரும் விருப்ப வேலையைத் தவிர்த்தால், கணினி ஓடும் நேரம் மொத்தமாக ஒரு மணி நேரம்கூட வராது. மீதி நேரம் புரிந்துகொள்வதற்கு.

2. மென்பொருளை நிறுவுங்கள்

தேவையானவை: நம்பை, மேட்பிளாட்லிப், ஆஸ்ட்ரோபை, வான வரைபடங்களைக் கையாளும் ஹீல்பை, பிறகு கோட்பாட்டுக் கோட்டைக் கணக்கிடும் கேம்ப். எல்லாம் இலவசம், எல்லாம் பிப் மூலமாகவே வரும்.

ஹீல்பை விண்டோஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸிலும் மேக்கிலும்தான் ஓடும். இது தெரியாமல் விண்டோஸில் நிறுவப் பார்த்து, சி தொகுப்பான் இல்லை என்று வரும் பிழைகளைத் துரத்திக்கொண்டு மாலைகளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணைத்தளத்தை இயக்கி அதில் நிறுவுங்கள், அல்லது கோலாபுக்குப் போய்விடுங்கள். கோலாபில் பிப் இன்ஸ்டால் ஹீல்பை என்ற ஒரே வரியில் வேலை முடியும்.

3. எந்தக் கோப்பை இறக்குவது?

காப்பகத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். 9 அலைவரிசைகள், அவை ஒவ்வொன்றுக்கும் முழுப் பணிக்கால வரைபடம், பாதிக்கால வரைபடம், 2013, 2015, 2018 வெளியீடுகள், அதற்குப் பின் 2020-இல் வந்த நான்காவது வெளியீடு என்று பட்டியல் நீளும்.

அலைவரிசை வரைபடங்களில் கை வைக்காதீர்கள். 30 கிகாஹெர்ட்ஸிலிருந்து 857 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அந்த ஒன்பதிலும் நம் பால்வீதியின் தூசியும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து சிஎம்பியை மட்டும் தரும் வேலையை பிளாங்க் குழுவே நான்கு முறைகளில் செய்து வைத்திருக்கிறது: கமாண்டர், நில்க், செவெம், ஸ்மிகா. தொடக்கத்துக்கு ஸ்மிகா போதும். 2018 வெளியீடு, என்சைடு 2048 (வரைபடத்தின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்), முழுப் பணிக்காலம் என்ற மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். வெளியீட்டு எண் 3.00 என்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இத்துடன் இன்னும் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று வெப்பநிலைக்கான பொது மாஸ்க், சுமார் 200 எம்பி. மற்றது பிளாங்க் குழுவே கணக்கிட்டு வெளியிட்ட வெப்பநிலை ஸ்பெக்ட்ரம். அது சாதாரண எழுத்துக் கோப்பு, மிகச் சிறியதுதான். உங்கள் விடையைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க இது இருந்தே ஆக வேண்டும்.

இறக்கும்போது உலாவியை நம்பாதீர்கள். டபிள்யூகெட் (wget) என்ற கட்டளைவரிக் கருவியில் தொடர் விருப்பத்தோடு இறக்குங்கள். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் காப்பகம் காட்டும் அளவும் உங்கள் வட்டில் உள்ள அளவும் பைட் கணக்கில் ஒன்றா என்று பாருங்கள். இந்த வரைபடங்கள் ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவில் இருக்கும். குறைப்பட்ட ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பு நன்றாகத் திறக்கும், தரவைப் படிக்கும்போதுதான் காலை வாரும்.

2 ஜிபியைத் தொடும் முன் கை பழக வேண்டும் என்றால் நாசாவின் லாம்ப்டா காப்பகத்திலிருந்து டபிள்யூமேப் செயற்கைக்கோளின் 9 ஆண்டு ஐஎல்சி வரைபடத்தை (பால்வீதியைப் பிரித்தெடுத்த சிஎம்பி வரைபடம்) எடுங்கள். 25 எம்பிதான். ஆனால் அதை வரைபடமாகப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது 1 பாகை அளவுக்கு மழுங்கலாக்கப்பட்டது. எல் 220-இல் இருக்கும் திறனில் ஏறத்தாழ 7 சதவீதம்தான் அதில் மிஞ்சும். அதில் உச்சியைத் தேடிவிட்டு, காணோமே என்று ஏங்க வேண்டாம். இன்னொன்று: டபிள்யூமேப் வரைபடம் மில்லிகெல்வினில் இருக்கும், பிளாங்கின் ஸ்மிகா கெல்வினில் இருக்கும்.

4. திறந்து பார்த்தல்

வானம் உருண்டை. அதைச் சம பரப்புள்ள துண்டுகளாக வெட்டும் முறைதான் ஹீல்பிக்ஸ். என்சைடு 2048 என்றால் 12 × 2048 × 2048, அதாவது 5,03,31,648 பிக்சல்கள். ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.7 கலை (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை). கோப்பைப் படித்ததும் முதலில் அணியின் நீளத்தை அச்சிடுங்கள். இந்த எண் வர வேண்டும்.

ஸ்மிகா கோப்பில் 10 நெடுவரிசைகள் உண்டு. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும், ஐ ஸ்டோக்ஸ் என்ற வெப்பநிலை வரைபடம். ரீட் மேப் கட்டளையில் ஃபீல்டு 0 என்று கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்தால் நினைவகம் நிரம்பும்.

அதே கோப்பில் பெயரின் கடைசியில் ஐஎன்பி என்று முடியும் இன்னொரு வெப்பநிலை நெடுவரிசை இருக்கிறது. பார்க்க அதுதான் அழகாக இருக்கும், பால்வீதியின் தடமே தெரியாது. அளவீட்டுக்கு அதைத் தொடாதீர்கள். பால்வீதி மறைத்த பகுதியில் புள்ளியியல் முறைப்படி நிரப்பு போட்ட வரைபடம் அது. நிரப்பிய இடத்தில் இருப்பது வானத்தின் அளவீடு அல்ல. சுவரொட்டி அச்சடிக்கப் பயன்படும்.

அடுத்தது பிக்சல் வரிசை. பிக்சல்களை எண்ணும் முறை இரண்டு: ரிங், நெஸ்டட். பிளாங்க் கோப்புகள் நெஸ்டட் வரிசையில் சேமிக்கப்பட்டவை. ஹீல்பையின் ரீட் மேப் தானாகவே ரிங் வரிசைக்கு மாற்றித் தரும். ஆஸ்ட்ரோபையில் திறந்தால் மாற்றாது. வரைபடத்தை ஒன்றிலும் மாஸ்கை மற்றொன்றிலும் படித்தீர்களானால் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கும், பெருக்கல் நடக்கும், பிழைச் செய்தி வராது. மாஸ்க் மட்டும் பால்வீதியை மறைக்காமல் வானமெங்கும் சிதறியிருக்கும். இரண்டையும் ஹீல்பையிலேயே படித்து, பெருக்கிய பின் மால்வியூ என்ற வரையும் கட்டளையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நடுவில் கிடையாகப் பட்டை மறைந்திருந்தால் சரி.

வரைபடம் போடும்போது 10 இலட்சத்தால் பெருக்கி மைக்ரோகெல்வினுக்கு மாற்றி, அளவுகோலைக் கழித்தல் 300 முதல் 300 வரை வையுங்கள். அப்படி வைக்காமல் தன்னிச்சையாக விட்டால் பால்வீதித் தளத்தில் எஞ்சியிருக்கும் சில பிக்சல்கள் அளவுகோலை இழுத்துக்கொண்டு மற்ற வானத்தை ஒரே நிறமாக்கிவிடும்.

ஒரு சரிபார்ப்பு. மாஸ்குக்கு வெளியே உள்ள பிக்சல்களின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். 100 மைக்ரோகெல்வினை ஒட்டி வர வேண்டும். 0.0001 வந்தால் நீங்கள் இன்னும் கெல்வினில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1,900 போல வந்தால் இருமுனை உள்ளே இருக்கிறது என்று பொருள். சூரியக் குடும்பம் நொடிக்கு சுமார் 370 கிமீ வேகத்தில் நகர்வதால் வானத்தின் ஒரு பாதி சூடாகவும் மறு பாதி குளிராகவும் தெரிகிறது. அதன் வீச்சு 3,362 மைக்ரோகெல்வின். 2018 வரைபடங்களில் இதை நீக்கிவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள். நான்காவது வெளியீட்டின் அலைவரிசை வரைபடங்களில் நீக்காமல் வைத்திருக்கிறார்கள். புதியது சிறந்தது என்று அதை எடுத்தவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

5. மாஸ்க்

பொது மாஸ்கில் 1 என்றால் நம்பலாம், 0 என்றால் ஒதுக்க வேண்டும். அதன் சராசரி எடுத்தால் 0.779 வர வேண்டும். வானத்தின் 77.9 சதவீதம் பயன்படுகிறது என்று அர்த்தம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

வரிசை முக்கியம். மறைத்த பகுதியைத் தள்ளிவிட்டு மீதி வானத்தில் சராசரியையும் இருமுனையையும் முதலில் கழியுங்கள். ஹீல்பையின் ரிமூவ் டைபோல் கட்டளைக்கு மாஸ்க் போட்ட அணியைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் பிறகே மறைத்த இடங்களில் சுழியம் வையுங்கள். மாற்றிச் செய்தால் மறைப்பின் விளிம்பில் ஒரு படிக்கட்டு உருவாகி, அந்தப் படிக்கட்டின் திறன் சின்ன எல் மதிப்புகளில் வந்து உட்காரும்.

மாஸ்கின் விளிம்பை மென்மையாக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முதல் சுற்றில் வேண்டாம். பின்னால் செய்தால் ஒன்றை மறக்காதீர்கள். அப்போது வானப் பங்காக மாஸ்கின் சராசரியை எடுக்கக் கூடாது, மாஸ்கின் வர்க்கத்தின் சராசரியை எடுக்க வேண்டும். 0, 1 மட்டும் உள்ள மாஸ்கில் இரண்டும் ஒன்றுதான், மென்மையாக்கிய மாஸ்கில் அப்படியல்ல.

6. பவர் ஸ்பெக்ட்ரம்

வரைபடத்தில் எந்தக் கோண அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று சொல்வது ஸ்பெக்ட்ரம். எல் என்பது கோண அளவின் தலைகீழ். எல் 2 என்றால் வானம் அளாவிய வடிவம், எல் 200-ஐ ஒட்டி 1 பாகை, எல் 2000 என்றால் 5, 6 கலை. கணக்கிடும் கட்டளை அனாஃபாஸ்ட். வரைபடத்தைக் கொடுத்தால் சி-எல் அணி, அதாவது ஒவ்வோர் எல்லிலும் உள்ள திறன், வரும்.

அதிகபட்ச எல் மதிப்பை நீங்களே 2000 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது 3 × 2048 − 1, அதாவது 6143 வரை கணக்கிடப் போய்விடும். நேரமும் நினைவகமும் வீண். 2000 என்று கொடுத்தால் சாதாரண மடிக்கணினியில் சில நிமிடத்தில் முடியும்.

வெளியே வரும் சி-எல் இன்னும் விடை அல்ல. அதற்கு நான்கு திருத்தங்கள் வேண்டும், நான்கையும் செய்தால்தான் பிளாங்க் குழுவின் கோட்டோடு பொருந்தும்.

முதலாவது வானப் பங்கு. 22 சதவீத வானத்தில் சுழியம் வைத்திருக்கிறோம், அதனால் திறன் குறைந்திருக்கிறது. சி-எல்லை 0.779-ஆல் வகுங்கள். இது தோராயமான திருத்தம்தான். எல் 30-க்கு மேல், பக்கத்துப் பக்கத்து மதிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. முறைப்படி செய்ய நாமாஸ்டர் என்ற தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவுவதே தனி வேலை, இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பீம். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். தொலைநோக்கியின் பார்வை முடிவில்லாக் கூர்மை உடையதல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரத்துப் பேருந்தின் பலகையைப் பார்த்தால் தட எண் தெரியும், கீழே உள்ள சின்ன எழுத்து கலங்கும். அதுபோலப் பெரிய கோண அளவுகள் தப்பிக்கும், சின்னவை கரையும். ஸ்மிகாவின் பீம் அரை உயர அகலத்தில் 5 கலை. இதனால் எல் 220-இல் திறன் 98 சதவீதம் அப்படியே இருக்கிறது. எல் 1000-இல் 68 சதவீதம். எல் 1500-இல் 42. எல் 2000-க்கு வரும்போது 22 சதவீதம்தான் மிச்சம். முதல் உச்சி சரியாக வந்து மூன்றாவது உச்சி குட்டையாக இருந்தால் காரணம் இதுவே.

திருத்த, காஸ் பீம் கட்டளையில் வரும் அணியின் வர்க்கத்தால் சி-எல்லை வகுங்கள். அந்தக் கட்டளை அகலத்தை ரேடியனில் எதிர்பார்க்கிறது. 5 கலை என்பது 0.001454 ரேடியன். வெறுமனே 5 என்று கொடுத்தால் 5 ரேடியன் அகலமுள்ள பீமாக எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட எல்லா எல்லுக்கும் சுழியத்தைத் தரும். நீங்கள் வகுத்ததும் திரை முழுக்க முடிவிலி.

மூன்றாவது பிக்சல் சாளரம். பிக்சலுக்கும் அகலம் உண்டே, அதனுள் உள்ளதெல்லாம் சராசரியாகிவிடுகிறது. பிக்ஸ்வின் கட்டளையில் 2048 கொடுத்தால் வரும் அணியின் வர்க்கத்தால் வகுங்கள். எல் 220-இல் இதன் பாதிப்பு கண்ணுக்கே தெரியாது, எல் 2000-இல் ஏழெட்டு சதவீதம்.

நான்காவது அலகு. சி-எல் கெல்வின் வர்க்கத்தில் இருக்கிறது. மைக்ரோகெல்வின் வர்க்கத்துக்கு மாற்ற 10¹²-ஆல் பெருக்க வேண்டும், 10⁶-ஆல் அல்ல. பிறகு எல் × (எல் + 1) / 2பை என்பதால் பெருக்கினால் டி-எல் கிடைக்கும். கட்டுரைகளில் நீங்கள் பார்க்கும் மேடும் பள்ளமுமான கோடு இந்த டி-எல்தான்.

ஒரு புள்ளியைக் கையால் போட்டுப் பார்ப்போம். எல் 220-இல் திருத்திய சி-எல் 7.4 × 10⁻¹³ கெல்வின் வர்க்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். 10¹²-ஆல் பெருக்கினால் 0.74. 220 × 221-ஐ 2பையால் வகுத்தால் 7,738. இரண்டையும் பெருக்கினால் 5,700 சொச்சம் மைக்ரோகெல்வின் வர்க்கம். பிளாங்க் குழு தரும் முதல் உச்சியின் உயரமும் ஏறத்தாழ 5,730. இந்த ஒரு கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தவர்களுக்கு அலகுக் குழப்பம் பிறகு வருவதே இல்லை.

7. வந்த கோடு சரியா?

திருத்தியதை அப்படியே வரைந்தால் முள்ளு முள்ளாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது கருவியின் குறை அல்ல. ஒரு எல்லுக்கு வானம் தருவது 2எல் + 1 மாதிரிகள் மட்டுமே. நமக்கு இருப்பது ஒரே வானம். எனவே எந்தக் கருவி வந்தாலும் எல் 2-இல் 63 சதவீத நிச்சயமின்மை இருந்தே தீரும், எல் 220-இல் 6.7 சதவீதம். முப்பது முப்பதாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். முதல் உச்சி அருகே அது ஒன்றரை சதவீதத்துக்குள் இறங்கிவிடும். கோடு வழவழப்பாகும்.

இப்போது பிளாங்க் குழுவின் எழுத்துக் கோப்பை அதே படத்தில் மேலே போடுங்கள். அது ஏற்கெனவே டி-எல்லில், மைக்ரோகெல்வின் வர்க்கத்தில் இருக்கிறது. மறுபடியும் எல் × (எல் + 1) பெருக்காதீர்கள். உச்சிகள் எல் 220, 537, 810 அருகே விழ வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,500 சொச்சம்.

எல் 1500-ஐத் தாண்டினால் உங்கள் கோடு அவர்களுடையதைவிட மேலே ஏறும். அதற்கு இரண்டு காரணம். உணரிகளின் இரைச்சலும் வரைபடத்தில் இருக்கிறது. பீமால் வகுக்கும்போது அதுவும் சேர்ந்து பெரிதாகிறது. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் கதிர்வீச்சும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. இரைச்சலை விரட்ட வழி உண்டு: பாதிக்கால வரைபடங்கள் இரண்டையும் இறக்கி, ஒன்றை மற்றொன்றோடு அனாஃபாஸ்டில் குறுக்காகக் கொடுங்கள். வானம் இரண்டிலும் பொது, இரைச்சல் பொதுவல்ல, எனவே அது சராசரியில் கழிந்துவிடும். மிஞ்சிய மண்டலங்கள் கழியாது. பிளாங்க் குழு உயர் எல் பகுதிக்கு ஸ்மிகாவைப் பயன்படுத்தவே இல்லை; 100, 143, 217 கிகாஹெர்ட்ஸ் வரைபடங்களைக் குறுக்காகப் பெருக்கி, மிச்சங்களுக்குத் தனி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். ஆகவே எல் 1500 வரை பொருந்தினால் உங்கள் வேலை சரி. அதற்கு மேல் பொருந்த வைக்கிறேன் என்று திருத்தங்களைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள்.

முனைவாக்கத்தையும் (ஒளியலை அதிரும் திசை பற்றிய அளவீடு) இப்போது தொட வேண்டாம். அதில் யூ என்ற அளவின் குறி ஹீல்பிக்ஸ் மரபில் ஒன்று, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மரபில் அதற்கு எதிர். வெப்பநிலையில் கை நன்றாகப் பழகிய பின் போகலாம்.

8. கோட்டிலிருந்து பிரபஞ்சத்துக்கு

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், ஆச்சரியம் என்னவென்றால் இதற்கு ஆகும் நேரமும் மிகக் குறைவு. கேம்ப் என்ற நிரலுக்கு ஆறு எண்களைக் கொடுத்தால் அந்தப் பிரபஞ்சத்தின் ஸ்பெக்ட்ரத்தைச் சில நொடிகளில் போட்டுத் தரும். 2018 மதிப்புகள்: ஹபிள் மாறிலி 67.4, பேரியான் (சாதாரணப் பொருள்) அடர்த்தி 0.0224, குளிர் கரும்பொருள் அடர்த்தி 0.120, ஒளியியல் ஆழம் (வழியில் ஒளி எவ்வளவு சிதறியது என்பது) 0.054, நிறமாலைச் சரிவு 0.965, வீச்சு 2.1 × 10⁻⁹. அலகை மைக்ரோகெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். வரும் அணி டி-எல்லாகவே வரும், எல் 0-இலிருந்து தொடங்கும். உங்கள் புள்ளிகளோடு ஒரே படத்தில் போடும்போது ஒரு இடம் தள்ளிப் போகாமல் பாருங்கள்.

புள்ளிகளின் ஊடே கோடு ஓடுவதைப் பார்த்த பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். பேரியான் அடர்த்தியை 0.0224-இலிருந்து 0.030 ஆக்குங்கள். முதல் உச்சி எழும், இரண்டாவது அதற்கு ஒப்பிடத் தாழும். ஆதி பிளாஸ்மாவில் சாதாரணப் பொருளின் எடை கூடினால் அழுக்கம் ஆழமாகிறது. ஒற்றைப்படை உச்சிகள் அழுக்கத்தின் அடையாளம். பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் எவ்வளவு என்று இந்த உயர விகிதத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதை நீங்களே உங்கள் புள்ளிகளுக்கு எதிரே வைத்துப் பார்க்கிறீர்கள். அடுத்து வீச்சையும் ஒளியியல் ஆழத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கோடு பெரும்பாலும் நகராது, ஒன்று ஏற்றுவதை மற்றது இறக்கிவிடும். வெப்பநிலையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அப்போது விளங்கும்.

ஆறு எண்களையும் தரவே தீர்மானிக்கட்டும் என்று விரும்பினால் கோபாயா என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் பிளாங்கின் சுருக்கப் பதிப்பான பிளிக் லைட்டைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் அளவுரு ஒன்றே ஒன்று. முழுப் பதிப்பில் இருபதுக்கும் மேல் வரும். சுருக்கப் பதிப்பே மடிக்கணினியில் பல மணி நேரம் ஓடும். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், கோலாபில் மட்டும் வேண்டாம், நடுவில் அமர்வு அறுந்துபோகும்.

9. அறிக்கையாக எழுதும்போது

கல்லூரித் திட்ட அறிக்கையோ கண்காட்சிப் பலகையோ எதுவானாலும், தரவு இலவசம் என்றாலும் நன்றி சொல்வது கட்டாயம். பிளாங்க் தரவைப் பயன்படுத்துவோர் சேர்க்க வேண்டிய வாசகத்தை ஐரோப்பிய முகமையே தந்திருக்கிறது. உறுப்பு நாடுகள், நாசா, கனடா ஆகியோரின் பங்களிப்பைக் குறிக்கும் ஒற்றை வாக்கியம் அது. விளக்கத் துணைநூலிலிருந்து எடுத்து மாற்றாமல் போடுங்கள். ஹீல்பிக்ஸுக்கு 2005 கட்டுரையையும் ஹீல்பைக்கு 2019 கட்டுரையையும் குறிப்பிடும்படி அவற்றை உருவாக்கியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கோப்பின் முழுப் பெயர், வெளியீட்டு எண், மாஸ்கின் பெயர், வானப் பங்கு, பீம் அகலம், எத்தனை எல் மதிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தீர்கள் என்பதையெல்லாம் அறிக்கையில் எழுதுங்கள். ஸ்மிகா என்று மட்டும் எழுதினால் போதாது. 2015 ஸ்மிகா வேறு, 2018 ஸ்மிகா வேறு, இரண்டுக்கும் மாஸ்கும் வேறு.